என் பெயரில் எடுத்த கார்

எங்கள் வீட்டில் எல்லாமே என் பெயரில்தான் இருக்கிறது. நல்லூரில் நாங்கள் நடத்தும் சின்னத் தையல் யூனிட்டின் போர்டு, அதன் ஜிஎஸ்டி, பாங்க் கணக்கு, ஓவர்லாக் மெஷின்களின் பில், கரண்ட் கனெக்‌ஷன், நான் ஓட்டும் மொபெட், கேஸ் சிலிண்டர் வரைக்கும். என் வீட்டுக்காரர் பெயரில் தனியாக இருந்தது ஒரு டிரைவிங் லைசென்ஸ் மட்டும்தான்.

காரணம் என் ராசி. கல்யாணமான புதிதில் அவர் தன் பெயரில் ஒரு யூனிட் போட்டு, அது படுத்துவிட்டது. என் மாமியார் ஜாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டதில், மருமகள் பெயரில் ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்கள். ஆரம்பித்தார், ஓடியது. விடிந்ததும் போய் நின்று ஒவ்வொரு பீஸையும் திருப்பிப் பார்த்து, தையல் விட்டதைப் பிரிக்கச் சொல்லி டெய்லர்களிடம் நான் கெட்ட பெயர் வாங்கியதால்தான் ஓடியது என்பது என் கட்சி. ராசியால் ஓடியது என்பது அவர் கட்சி. ராசிக்கு இடுப்பு வலிக்காது, எனக்கு வலிக்கிறது என்று குத்திக் காட்டுவேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த மெஷினையும் என் பெயரில் வாங்கிக்கொண்டு வருவார்.

இந்த ஊரில் இது அதிசயமும் இல்லை. எங்கள் தெருவில் இருக்கும் போர்டுகளைப் படித்துக்கொண்டே போனால் பாதிக்கு மேல் பெண்டாட்டி பெயரோ மகள் பெயரோதான் இருக்கும். பெயருக்குச் சொந்தக்காரி உள்ளே பிசிறு வெட்டிக்கொண்டிருப்பாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. பெயர் கொடுப்பதற்கும் ஒரு மனசு வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அந்த மனசு கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

கார் எடுத்தபோதும் அப்படித்தான். ஓட்டப் போவது அவர். எனக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கக்கூடத் தெரியாது. ஆனால் ஆர்.சி. புத்தகம் என் பெயரில். ஷோரூமில் மாலை போட்ட காரின் முன்னால் நிற்கவைத்து ஆளுயரச் சாவி ஒன்றை என் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். படம் எடுத்து முடித்ததும் நிஜச் சாவியை வாங்கி அவரிடம் கொடுத்தேன். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, நேராகச் சிவன்மலைக்குப் போய்ப் பூஜை போட்டுவிட்டு வந்தோம். வழியெல்லாம் அவர் காரைப் பற்றிப் பேசவில்லை. என் பெயர் எவ்வளவு ராசியானது என்பதைப் பற்றித்தான் பேசினார்.

காருக்கு இன்சூரன்ஸ் போட்டவர் என் வீட்டுக்காரருக்கு மச்சான் முறை. நான் அண்ணா என்று கூப்பிடுவேன். இன்சூரன்ஸோடு சைட் புரோக்கர் வேலையும் பார்ப்பவர். கார் கைக்கு வருவதற்கு முன்பே எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டே விளக்கினார். நன்றாகத்தான் விளக்கினார், அதைச் சொல்லாவிட்டால் பாவம்.

முதலாவது, தேர்ட் பார்ட்டி. இது இல்லாமல் வண்டி ரோட்டில் இறங்கவே கூடாது என்பது சட்டம். நம் வண்டி இடித்து அடுத்தவருக்கு அடிபட்டாலோ, உயிர் போனாலோ, அவர் பொருள் சேதமானாலோ கம்பெனி கொடுக்கும். நமக்கு அதில் ஒன்றும் கிடையாது. இரண்டாவது, ஓன் டேமேஜ். நம் வண்டி இடிபட்டாலும், திருடு போனாலும், தீப்பிடித்தாலும், நொய்யலில் வெள்ளம் வந்து மூழ்கினாலும் இதில் கேட்கலாம். சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனால் கடன் கொடுக்கிற பாங்க் விடாது. இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான் ஊரில் ஃபுல் இன்சூரன்ஸ் என்கிறார்கள். அதற்கு மேல் ஒன்று, பம்பர் டு பம்பர். சாதாரணமாகக் கண்ணாடி, ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் தேய்மானம் என்று கழித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். இதை எடுத்தால் கழிக்க மாட்டார்கள். என் வீட்டுக்காரர் அதையும் போடச் சொன்னார். தையல்காரருக்குப் பொருளில் ஒரு கீறல் விழுந்தாலும் பொறுக்காது.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. ஓனர் டிரைவருக்கு விபத்துக் காப்பு. வண்டி ஓட்டும் ஓனருக்கு உயிர் போனாலோ, கை கால் போனாலோ பணம் வரும். இதுவும் கட்டாயம் என்று சொல்லிவிட்டு, நாமினி யாரென்று என்னைக் கேட்டார். என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னேன். நான் போய்விட்டால் இவர் அந்தப் பணத்தில் நல்ல ராசியாகப் பார்த்து இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிச் சிரித்தேன். நல்ல நாள் அதுவுமாக என்ன பேச்சு என்று அவர் கோபித்துக்கொண்டார்.

அந்த அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியும். ஓனர் டிரைவர் என்றால் ஓனரும் டிரைவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும், அந்த ஆளிடம் லைசென்ஸும் இருக்க வேண்டும் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. எங்கள் வீட்டில் ஓனர் ஒருத்தி, டிரைவர் ஒருத்தர். புருஷன் பெண்டாட்டி என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்துவிட்டோம். அதே வேலையாக இருக்கிற அண்ணாவும் அப்படியே நினைத்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

என் வீட்டுக்காரருடைய அக்காவைக் கொமரலிங்கத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே ஒரு விசேஷம். எனக்கு ஷிப்மென்ட் நெருக்கடி, யூனிட்டை விட்டு நகர முடியவில்லை. அவர் மட்டும் போனார். மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பியவருக்கு அக்கா டிக்கி நிறையத் தேங்காய் ஏற்றி அனுப்பியிருக்கிறார். கோடை மழையின் முதல் தூறல் விழுந்து ரோடு வழவழவென்று இருந்திருக்கிறது. ஒரு மாடு குறுக்கே வர, அதன்மேல் ஏற்றக் கூடாதென்று ஸ்டியரிங்கை ஒடித்தவர் ஓடைப் பாலத்தின் கட்டைச் சுவரில் போய் மோதிவிட்டார். மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரின் முன்பக்கம் உள்ளே வந்து அவருடைய வலது காலைப் பிடித்துக்கொண்டது.

டிக்கி திறந்து தேங்காயெல்லாம் ரோட்டில் உருண்டிருக்கிறது. அக்கம்பக்கத்துத் தோட்டத்து ஜனங்கள் அவரை எடுத்து ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, ஒரு காய்கூடக் குறையாமல் பொறுக்கி மறுபடி டிக்கியில் போட்டு, கயிற்றால் கட்டிவைத்திருந்தார்கள். யாரென்றே தெரியாத அந்த ஜனங்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்கும்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வேறு வழி இல்லை என்றார்கள். கையெழுத்துப் போட்டவள் நான்தான். எல்லாவற்றிலும் போடுகிற மாதிரி அதிலும் போட்டேன்.

வெளியாட்களுக்கு வலது கால் என்றால் நடக்கிற கால். எங்கள் தொழிலில் அது மெஷினை மிதிக்கிற கால். என் வீட்டுக்காரர் முதலாளி ஆன பிறகும் ஓவர்லாக் மெஷினைவிட்டு எழுந்ததில்லை. பனியனுக்குக் கழுத்துப் பட்டி ஏற்றுவதில் அவர் மிதிக்கிற மிதி தனி. வேகமாகப் போய், வளைவில் மூச்சுப் பிடித்த மாதிரி நின்று, மறுபடி ஓடும். அந்தச் சத்தத்தைக் கேட்டே அவர்தான் தைக்கிறார் என்று சொல்லிவிடுவேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததிலிருந்து அவருக்கு ஒரே ஒரு கேள்விதான். மறுபடி மெஷினில் உட்கார முடியுமா. பாதம் மடங்குகிற நல்ல செயற்கைக் கால் இருக்கிறது, பழகினால் மிதிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதன் விலையையும் சொன்னார். எங்களால் ஆகாத விலை.

அண்ணா ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கவலையே படாதீர்கள், ஓனர் டிரைவர் காப்பு இருக்கிறது, ஒரு கால் போனால் பாதித் தொகை வரும் என்று தைரியம் சொன்னார். அந்த வார்த்தைக்குப் பிறகுதான் என் வீட்டுக்காரர் முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டார். காலுக்கு எங்கே அளவு கொடுப்பது, எத்தனை நாளில் வரும் என்று பக்கத்துக் கட்டில்காரரோடு பேச ஆரம்பித்துவிட்டார். கால் வந்துவிடும் என்று நானும் நம்பினேன்.

காருக்கு முதலில் வந்தது. சர்வேயர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். தேங்காயையும் சேர்த்து எடுத்தார். ஒவ்வொரு பாகமாகத் தொட்டுப் பார்த்து எழுதிக்கொண்டார். பம்பர், பானெட், ரேடியேட்டர், முன் கண்ணாடி, விளக்கு, விளக்கைச் சுற்றி இருக்கிற ரப்பர். எதற்கும் கழிக்கவில்லை, எல்லாமே முழுசாகப் பாஸானது. பிரேக் மிதிகூடப் புதிதாக வந்தது. அதை மிதித்த காலைப் பற்றி அந்தச் சர்வேயரிடம் பேச முடியாது. அது அவர் வேலை இல்லை.

காலைப் பற்றிப் பேச இன்சூரன்ஸ் ஆபீஸுக்கு நானே போனேன். அண்ணா கூட வருவதாகச் சொல்லிவிட்டு, கடைசி நேரத்தில் ஒரு சைட் ரெஜிஸ்ட்ரேஷன் என்று கழன்றுகொண்டார். அங்கே இருந்த அதிகாரி சின்ன வயதுப் பெண். என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேசினாள். கார் என் பெயரில் இருக்கிறது, அதனால் பாலிசியில் ஓனர் நான். என்னிடம் கார் லைசென்ஸ் இருந்து, நான் ஓட்டி, எனக்கு அடிபட்டிருந்தால்தான் அந்தக் காப்பில் தர முடியும் என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்து, தேர்ட் பார்ட்டியிலாவது கொடுக்கலாமே என்று கேட்டேன். இருக்கிறதிலேயே அதுதான் கட்டாயமான காப்பு என்று அண்ணா சொன்னது நினைவில் இருந்தது. ரோட்டில் போகிற யாருக்கோ கொடுப்பீர்கள், வண்டிக்குள்ளே இருந்தவருக்குக் கொடுக்க மாட்டீர்களா என்று குரலை உயர்த்தினேன். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கோபப்படவில்லை. எதிரே ஒரு வண்டி வந்து மோதி, தப்பு அந்த வண்டியின் மேல் இருந்தால், அதன் தேர்ட் பார்ட்டியில் இவர் கேட்கலாம், அப்போது அந்த வண்டிக்கு இவர் மூன்றாம் ஆள். இங்கே மோதியது சுவரில், ஓட்டியது இவரே என்றாள். கார் அவர் பெயரில் இருந்திருந்தாலும் கிடைத்திருக்கும், கார் எப்படி இருந்தாலும் அவர் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பு எடுத்திருந்தாலும் கிடைத்திருக்கும் என்றும் சொன்னாள்.

"அவர் மூணாவது ஆளும் இல்லைங்க மேடம், ஓனரும் இல்லை. சட்டப்படி பார்த்தா, உங்க இடத்துல உட்கார்ந்து ஓட்டினவர், அவ்வளவுதான்."

என் இடத்தில் உட்கார்ந்து ஓட்டியவர். அவள் சட்டத்தைத்தான் சொன்னாள். பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன். வெட்கமாகக்கூட இல்லை. எத்தனையோ பஸ்கள் வந்து போயின. எதில் ஏறி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை.

வீட்டில் அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். என் மாமியாருக்கு மகன் கால் போன துக்கம். துக்கத்தை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டுமே. நான் நடந்ததைச் சொல்லி முடித்ததும் இறக்கிவைத்தார்.

"உன்ற பேருல எடுத்த வண்டி தான சாமி இது. ராசி ராசின்னு தலைல தூக்கி வெச்சு ஆடுனானே, இப்பப் பாத்தியா, காலக் குடுத்துட்டு ஒக்காந்துட்டான்."

யூனிட் ஓடியபோது என் உழைப்பை ராசி எடுத்துக்கொண்டது. இப்போது அவர் காலை எடுத்த பழி என் தலையில் வந்து விழுந்தது. பதில் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது, ஊருக்கே தெரியும். அன்றைக்கு வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கே அது நிஜமோ என்று ஒரு கணம் தோன்றிவிட்டது. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அவர்தான் பேசினார்.

"ராசின்னு சொன்னவன் நானுங்கம்மா. அவ ஒரு நாளும் சொன்னதில்லீங்க. இனி ஆரும் அந்தப் பேச்சு இந்த ஊட்ல பேசாதீங்க."

சொந்தக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். என் மாமியார் அடுப்படிக்குள் போய் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்தார். அவருடைய மன்னிப்பு அப்படித்தான் வரும்.

கார் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தபோது ஷோரூமில் நின்ற மாதிரியே மினுமினுத்தது. எங்கே அடிபட்டது என்று காட்டச் சொன்னால் காட்ட முடியாது. அவரோ ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். விற்றுவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் அவரை ஆஸ்பத்திரிக்கும், கட்டுப் போடவும், பிசியோவுக்கும் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஆட்டோவில் ஏறி இறங்க அவர் படும் பாட்டைப் பார்த்து, ஒரு நாள் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்துவிட்டேன். வயசுப் பையன்களுக்கு நடுவே பின் சீட்டில் என் முறைக்குக் காத்திருப்பேன். கிளட்சை விடும்போதெல்லாம் வண்டி துள்ளும், பையன்கள் சிரிப்பார்கள். மெஷினையே பழகினவளுக்கு இது வராதா என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பிரேக்கை மிதிக்கிறபோதெல்லாம் அவருடைய வலது காலைப் பற்றித்தான் நினைப்பு வரும். லைசென்ஸ் வாங்கிவிட்டேன்.

முதல் சில தடவை அவர் பின் சீட்டில்தான் உட்கார்ந்தார். முன் சீட்டைத் திரும்பியும் பார்க்க மாட்டார். பாலம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். நானும் வற்புறுத்தவில்லை.

பாதம் மடங்குகிற கால் வாங்க முடியவில்லை. எங்களுக்கு ஆகிற விலையில் ஒரு சாதாரணக் கால் வாங்கினோம். நடக்கலாம், மெஷினை மிதிக்க ஆகாது. இதை எழுதுகிறபோதும் எனக்குக் கோபம் வருகிறது. யார்மேல் என்று தெரியாத கோபம். அவர் யூனிட்டுக்கு வந்து செக்கிங் டேபிளில் உட்கார்ந்தார். பீஸைப் புரட்டுவார், ஆனால் பார்வை மெஷின் பக்கமே போகும். சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெஷின்களெல்லாம் சும்மா கிடந்தபோது, தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்து இடது காலை மிதிமேல் வைத்தார். மெஷின் தடுமாறியது. நூல் அறுந்தது. கோத்துக்கொண்டு மறுபடி மிதித்தார். நான் கதவோரம் நின்றேன், உள்ளே போகவில்லை. பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்படியே போனது. பழைய சத்தம் வரவில்லை. வளைவில் அந்த மூச்சுப் பிடிப்பு இல்லை. ஆனால் தையல் வந்தது. கலர் மாறியதென்று எக்ஸ்போர்ட் கம்பெனி தள்ளிய துணி ஒரு ரோல் கிடந்தது. அதை வெட்டி முதன்முதலில் அவர் தைத்து முடித்தது காருக்கு ஒரு உறை. தையல் கோணல்மாணலாகத்தான் இருந்தது. அதை அவரே காரின்மேல் போர்த்திக் கட்டினார். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது முன் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பாலிசி முடிகிற சமயத்தில் அண்ணா வந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தேன். அவரை வையக் கூடாதென்று இல்லை, முன்பே தேவையான அளவு வைது முடித்திருந்தேன். இந்தத் தடவை அவரை விளக்கவிடவில்லை, நானே கேட்டேன். தேர்ட் பார்ட்டி இருக்கிறதா, இருக்கிறது. ஓன் டேமேஜ், இருக்கிறது. ஓனர் டிரைவர் காப்பு, இப்போது ஓட்டுவதும் நானே, லைசென்ஸும் இருக்கிறது, அதனால் செல்லும். என் வீட்டுக்காரர் பெயரில் தனி விபத்துக் காப்பு, அது வேறு பாலிசி, ஏற்கனவே எடுத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது காரில் கூட வருகிறவர்களுக்கான காப்பு.

அதைச் சீட்டுக் கணக்குக்குப் போட்டுவிடலாம், பெயரில்லாத பயணிகள் என்று ஒரு வகை இருக்கிறது, யார் உட்கார்ந்தாலும் செல்லும் என்றார் அண்ணா. எனக்கு அந்த வார்த்தையே பிடிக்கவில்லை. பெயரைப் போட்டு எழுதுகிற வகை இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் ரெண்டும் ஒன்றுதான் என்று வாயெடுத்தவர், ரெண்டும் ஒன்றுதான் என்று இந்த வீட்டில் சொல்லக் கூடாது என்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

"மத்த சீட்டுக்கு எப்படி வேணா போட்டுக்கோங்க அண்ணா. என் பக்கத்து சீட்டுக்குப் பேரப் போட்டு எழுதுங்க. அவருக்குப் பேரு இருக்குதுங்க."

என் வீட்டுக்காரர் செயற்கைக் காலை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒரு கால் இல்லாதவனுக்கும் எழுதுவாங்களாங்க?"

அண்ணா காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சம் இருக்கிற காலுக்கு எழுதட்டும், ஓட்டுவது நான்தானே என்றேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. பிறகு இனிஷியலோடு தன் பெயரை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அண்ணா எழுதிக்கொண்டார். போன தடவை இந்தக் காரின் காகிதத்தில் அவர் பெயர் ஏறியது, நான் செத்தால் பணம் வாங்குகிற ஆளாக. இந்தத் தடவைதான் உயிரோடு என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற ஆளாக ஏறியது.